புளியங்கொட்டைக் கணக்கு

“அம்மா, இந்தப் பாதையில ஒருத்தரும் ஒழுங்கா நடக்கிறதில்ல” என்றார் தெய்வசிகாமணி.

நாச்சியம்மா பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“ஒழுங்கான்னா?”

“ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும்.”

“நீங்க எதை ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் செஞ்சிருக்கீங்க, அண்ணாச்சி?”

“முப்பத்திரண்டு வருஷம் ரயில்ல டிக்கெட் பரிசோதிச்சேன்.”

“அது தெரியுது” என்றாள் அவள்.

தெய்வசிகாமணிக்கு அறுபத்தொரு வயது. நாச்சியம்மாவுக்கு நாற்பத்துமூன்று. சீடர் அவர், குரு அவள்.

ஊசிப்பாறைக்குக் கீழே ஓர் அறை, ஒரு சுனை, ஒரு வேப்பமரம். அதுதான் மடம். நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர், சைக்கிளில் வருகிறவர்களுக்குக் காற்று. அதற்கு மேல் அங்கே உபதேசம் கிடையாது. கேள்வியோடு வந்து நிற்பவர் கையில் நாச்சியம்மா காற்றடிக்கும் பம்பைக் கொடுத்துவிடுவாள். பாதிப் பேர் நாலு சக்கரத்துக்குக் காற்றடித்துவிட்டு, கேள்வியை மறந்து ஊர் போய்ச் சேருவார்கள்.

ஓய்வு பெற்ற மறுமாதம் தெய்வசிகாமணி வந்து, “மனசு அடங்க என்ன வழி?” என்று கேட்டார். அவருக்கும் பம்புதான் கிடைத்தது. இரண்டு வருஷமாக அடித்துக்கொண்டிருக்கிறார். மனசு அடங்கவில்லை. கை மட்டும் உரமேறியிருந்தது.

மடத்தை ஒட்டிப் போகிற மண்பாதை, தோணித்துறையில் ஆற்றங்கரையில் கிளம்பி மயில்குன்றின் அடிவாரத்தில் முடிகிறது. எழுபது மைல். காரும் லாரியும் ஏற முடியாத ஒடுக்கம். காவி கட்டியவர்கள் நடப்பார்கள். தலைக்கவசம் மாட்டிய பட்டணத்துப் பிள்ளைகள் சைக்கிளில் பறப்பார்கள்.

அந்தப் பாதைக்குத்தான் அரசாங்கத்துக் காகிதம் வந்திருந்தது.

பாதை உபயோகத்தில் இருப்பதாகத் தெரியவில்லையாம். இரண்டு பக்கமும் வேலி போட்டு, சூரிய ஒளித் தகடுகள் பதிக்க ஆள் தயாராக இருக்கிறார்களாம். ஏழு நாளில் எழுநூறு பேர் போகிறார்கள் என்று கணக்குக் காட்டினால் பாதை பிழைக்கும். இல்லாவிட்டால் எட்டாம் நாள் கம்பிவேலி.

எத்தனையோ தலைமுறை காலால் தேய்த்த பாதைக்கு ஏழு நாள் தவணை! தவணை கொடுத்த புண்ணியவானுக்கு இந்தப் பாதை எந்தத் திசையில் கிடக்கிறது என்று தெரியுமோ என்னவோ. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதிய காகிதம் அது.

“நேர்மையான ஆள் ஒருவர் எண்ணித் தரவும்” என்று கீழே எழுதியிருந்தது.

நேர்மையில் தெய்வசிகாமணியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சொந்த மைத்துனரையே டிக்கெட் இல்லாமல் பிடித்து, பாதி வழியில் இறக்கிவிட்டவர்.

நாச்சியம்மா இரண்டு தகர டப்பாக்களை அவர் முன்னால் வைத்தாள். ஒரு பை நிறையப் புளியங்கொட்டை கொடுத்தாள். சைக்கிள் சக்கரத்துக்குள் இருக்கிற சின்ன இரும்புக் குண்டுகள் ஒரு பை.

“நடந்து போனா கொட்டை. சைக்கிள்ல போனா குண்டு. கண்ணு முன்னால போறவங்கள எண்ணுங்க, அண்ணாச்சி. போதும்.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு தகரப்பெட்டியைத் திறந்து தன் பழைய கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

நாச்சியம்மா கோட்டைப் பார்த்தாள்.

*

மடத்து முக்கில், வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

முதலில் வந்தவர் மண்வெட்டியோடு ஒரு விவசாயி.

“எங்கேருந்து வாரீங்க?”

“வீட்லேருந்து.”

“எங்க போறீங்க?”

“வயலுக்கு.”

“சேராது.”

“என்னது சேராது?”

“கணக்குல சேராது. தோணித்துறையில ஏறி மயில்குன்றுல இறங்குறவங்கதான் இந்தப் பாதைக்குப் பயணி. நீங்க நடுவுல ஏறி நடுவுல இறங்குற ஆளு.”

விவசாயி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

தெய்வசிகாமணி சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எழுதினார். ‘காலை 6.20. மண்வெட்டியுடன் ஒருவர். வீடு முதல் வயல் வரை. சேராது.’ பிடித்த ஆளை எழுதாமல் விட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

பால்வாடி டீச்சர் சைக்கிளில் வந்தாள். சேராது. பனையேறிகள் மூன்று பேர். சேராது. மாமியார் வீட்டோடு சண்டை போட்டுத் தாய்வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை நிறுத்தி, எங்கேயிருந்து, எங்கே என்று அவர் கேட்க, அவள் அங்கேயே அழுதுவிட்டாள். அழுகையைத் துடைத்துக்கொண்டு அவள் நகர்ந்த பிறகு அதையும் எழுதினார். சேராது.

அப்புறம் மாடத்தி வந்தாள்.

கீழக்காட்டுக்காரி. தலையில் தூக்குச்சட்டிகள் அடுக்கிய கூடை, கையில் ஒரு கவைக்கம்பு, இடுப்பில் சொருகிய கட்டைத் துடைப்பம். தன் ஊரிலிருந்து மூன்று மைல் தள்ளி இருக்கிற சுண்ணாம்புக் காளவாசலுக்குச் சோறு கொண்டு போகிறவள். காலையில் சோற்றோடு போவாள், வெறும் சட்டியோடு திரும்புவாள். மத்தியானம் மறுபடி போவாள், மறுபடி திரும்புவாள்.

நாலாவது தடவை அவள் வந்தபோது தெய்வசிகாமணிக்குக் கோபம் தலைக்கேறியது.

“ஏம்மா, ஒரே ஆளு நாலு தடவை குறுக்க போனா நான் எப்படிக் கணக்கு வைக்கிறது? வேற பக்கமா போயேன்.”

“வேற பக்கம் ஏது?”

“வாய்க்கால் கரை இருக்குல்ல? எப்படியும் நீ கணக்குல இல்ல. எதுக்கு இங்க வந்து குழப்புற?”

மாடத்தி கூடையை இறக்கினாள்.

“நான் கணக்குல இல்லியா?”

“இல்ல.”

“ஏம்யா, ஒரு நாளைக்குப் பன்னெண்டு மைலு நடக்கேன். நான் கணக்குல இல்ல. எங்கனயோ இருந்து கண்ணாடி மாட்டிக்கிட்டு வாரவன் கணக்குல இருக்கான். நான் என்ன, நடக்காம பறந்தா போறேன்?”

“அது பயணம். இது அலைச்சல்.”

மாடத்தி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். போகிற போக்கில் குனிந்து, கவைக்கம்பால் எதையோ பாதையிலிருந்து தள்ளிவிட்டாள்.

தெய்வசிகாமணி நோட்டில் எழுதினார். ‘மாடத்தி. நான்காம் தடவை. சேராது. வாய்த்துடுக்கு.’

*

சாயங்காலம் டப்பாக்களைக் கவிழ்த்து எண்ணினார். நடந்தவர் நாற்பத்தொன்று, சைக்கிள் இருபத்தெட்டு.

நாச்சியம்மா வந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து டப்பாவுக்குள் போட்டாள்.

“இது யாருக்கு அம்மா?”

“இன்னைக்கு நடந்த ஒருத்திக்கு.”

“நான் பார்க்காத ஆளா?”

“நீங்க பார்த்த ஆளுதான்.”

குருவாக இருந்தால் என்ன? கள்ளக்கணக்கு கள்ளக்கணக்குதான்.

“அம்மா, பாதை போனாலும் போகட்டும். பொய்க் கொட்டை போட விடமாட்டேன்!”

அந்தக் கொட்டையை வெளியே எடுத்தார். எறியவில்லை. அது சாட்சிப் பொருள். சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

நாச்சியம்மா சிரித்துவிட்டுப் பம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

*

இரண்டாம் நாள் மாடத்தி வரவில்லை.

‘தொல்லை விட்டது’ என்று நினைத்தார் தெய்வசிகாமணி.

மூன்றாம் நாள் பத்து மணிக்கு, பட்டணத்துச் சைக்கிள்காரர்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். சைக்கிளில் வரவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒன்பது சக்கரம் பஞ்சர்.

இவர்களை எந்த டப்பாவில் சேர்ப்பது என்று அவர் தவித்துக்கொண்டிருக்கும்போதே அவர்களில் ஒருவன் போனில் கத்தினான். “இந்தப் பக்கம் வராதீங்கடா. பாதை முழுக்க முள்ளு. ஹைவேயில போயிடுங்க.”

நான்காம் நாள் காவி கட்டிய கூட்டம் நொண்டிக்கொண்டு வந்தது. சுனைக்கரையில் உட்கார்ந்து காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சிலர் மேலே நடக்காமல் பஸ் ஏறப் போய்விட்டார்கள். நாச்சியம்மா ஒரு கையில் ஊசியும் ஒரு கையில் பஞ்சர் பசையுமாக அலைந்தாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் வரை பதினொரு பேர்.

சேராதவர்கள்கூட இல்லை. நோட்டில் எழுத ஆள் இல்லாமல் கை நமநமத்தது.

தெய்வசிகாமணி எழுந்து மடத்துக்குள் போனார்.

“அம்மா, இது திட்டமிட்ட சதி. வேலி போடப் போறவங்கதான் ஆள வெச்சு முள்ளைப் போட்டிருக்காங்க. இந்த அநியாயத்தைச் சும்மா விடலாமா? சொல்லுங்க, யார் போட்டது?”

நாச்சியம்மா ஒரு டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழி வந்தது.

“யாரும் போடல, அண்ணாச்சி.”

“பின்னே?”

“யாரும் எடுக்கல.”

தெய்வசிகாமணி வெளியே வந்து பாதையைப் பார்த்தார்.

வழி நெடுக உடைமரம். காற்றடித்தால் முள் உதிரும். நேற்றும் உதிர்ந்தது, போன வருஷமும் உதிர்ந்தது. மாடத்தியின் கவைக்கம்பும் கட்டைத் துடைப்பமும் அவர் கண்முன் வந்தன. அடுப்பெரிக்க முள் பொறுக்குகிறாள் என்றல்லவா நினைத்திருந்தார்.

*

கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கீழக்காட்டைப் பார்த்து நடந்தார்.

அரை மைல் போவதற்குள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறியது. உட்கார்ந்து பிடுங்கினார். எழுந்தார். மறுபடி ஏறியது.

சைக்கிளில் மீன்பெட்டி கட்டிய ஒருவர் எதிரே வந்து, காலை ஊன்றி நின்றார்.

“அண்ணாச்சி, இந்தப் பக்கம் மடத்துக்கா போயிட்டு வாரீங்க? திரும்ப அங்கன போயிராதீங்க. முக்குல ஒரு கறுப்புக் கோட்டு உக்காந்திருக்காம். எங்கேருந்து வார, எங்க போற, எதுக்குப் போறன்னு உயிரை வாங்குதாம். நாங்க எல்லாம் இங்கனயே எறங்கி வாய்க்கால் கரை வழியாத்தான் போறோம்.”

“எல்லாருமா?”

“ஊரே அப்படித்தான் போகுது. பொண்டாட்டி கேக்காத கேள்வியெல்லாம் அந்த ஆளு கேக்கானாம்.”

கோட்டைத்தான் ஊர் பார்த்திருந்தது. முகத்தை யாரும் பார்க்கவில்லை.

தெய்வசிகாமணி மேலே நடந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் முள்ளைவிட அதிகமாகக் குத்தியது.

கீழக்காட்டில் மாடத்தி வாசலில் சட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். நொண்டி வருகிறவரைப் பார்த்தாள். கோட்டு இல்லாவிட்டாலும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

“வாங்க அண்ணாச்சி. எங்கேருந்து வாரீங்க?”

“மடத்துலேருந்தும்மா.”

“எங்க போறீங்க?”

“இங்கதான். உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்.”

“மயில்குன்றுக்குப் போகலியா?”

“இல்ல.”

“அப்ப நீங்க கணக்குல சேர மாட்டீங்களே.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு மைல் நடந்த கால் இரண்டும் ரத்தம் கசிய மண்ணில் ஊன்றியிருந்தன.

“சேர மாட்டேன்தான்” என்றார்.

மாடத்தி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஊசி எடுத்து வந்தாள். இரண்டு காலிலும் சேர்த்து ஏழு முள். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அவர் ‘ஆ’ என்றார். அவள், “பேசாம இருங்க” என்றாள்.

“நான் சொன்னது தப்பும்மா. மன்னிச்சிரு. நீ இத்தனை வருஷமா யாருக்காக முள்ளெடுத்த?”

“இது என்ன கேள்வி? நடக்கிற வழியில முள்ளு கெடந்தா எடுக்காம எப்படிப் போறது?”

“நாளைக்கு வருவியா?”

அவள் உள்ளே போய்க் கட்டைத் துடைப்பத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

“நான் நாளைக்கு வாரேன். இன்னைக்கு நீங்க போங்க.”

*

திரும்பி வர இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று. பெருக்கிக்கொண்டே வந்தார். முதுகு விட்டுப்போயிற்று.

மடத்தில் அவர் நாற்காலியில் நாச்சியம்மா உட்கார்ந்திருந்தாள். டப்பாவில் புதிதாகக் கொஞ்சம் கொட்டைகள் இருந்தன.

தெய்வசிகாமணி உள்ளே போய்க் காகிதத்தை எடுத்து, எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தார். ‘பாதையில் நடந்தோ மிதிவண்டியிலோ செல்வோரின் எண்ணிக்கை.’ அவ்வளவுதான். எங்கேயிருந்து, எங்கே என்று ஓர் எழுத்து இல்லை.

அவருக்கு மறுபடி கோபம் வந்தது.

“அம்மா! இதை நீங்க எனக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாமே!”

“எப்ப சொல்ல? நீங்கதான் வாரவங்க போறவங்களையெல்லாம் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தீங்க.”

ஆறாம் நாள் மாடத்தி வந்தாள். நாலு தடவை போனாள். நாலு கொட்டை விழுந்தது. கோட்டு இல்லை என்ற செய்தி வாய்க்கால் கரைக்கு எப்படித்தான் எட்டியதோ, பனையேறிகள் வந்தார்கள், பால்வாடி டீச்சர் வந்தாள், மீன்காரர் வந்தார். தெய்வசிகாமணி யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு எண்ணுவது அவருக்குப் பெரிய தவமாக இருந்தது.

*

ஏழாம் நாள் சாயங்காலம் அதிகாரி வந்தார். சின்ன வயது. வியர்த்து விறுவிறுத்து வந்து, மாடத்தி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு டப்பாக்களைக் கவிழ்த்தார்.

“நானூற்று ஆறு. குறையுதே சார்.”

தெய்வசிகாமணி நோட்டை நீட்டினார்.

“இதுல நானூத்தி எழுபத்திரண்டு. நாள், நேரம், ஆளு, எல்லாம் இருக்கு. நான் தப்பா விட்ட ஆளுங்க. மொத்தம் எண்ணூத்தி எழுபத்தெட்டு.”

அதிகாரி நோட்டைப் புரட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

“இவங்கெல்லாம் உள்ளூர்க்காரங்க சார். வீட்டுக்கும் வயலுக்கும் அலையறவங்க. இதோ, மாடத்தியாம், ஒரே நாள்ல நாலு தடவை. நீங்களே சேராதுன்னு எழுதியிருக்கீங்க. கரெக்டாத்தான் எழுதியிருக்கீங்க. முழுப் பாதையும் போற பயணிங்கதான் கணக்கு. டப்பாவுல இருக்கிறத மட்டும் எழுதிக்கிறேன்.”

தெய்வசிகாமணி எழுந்தார். முப்பத்திரண்டு வருஷ வேலையில் அவருக்கு வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை.

“சேராதா? அவ என்ன, நடக்காம பறந்தா போறா?”

வேப்பமரத்தடியில் நின்ற மாடத்தி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“கோபப்படாதீங்க சார். விதி அப்படி.”

“எந்த வரியில இருக்கு? இந்தாங்க உங்க காகிதம். படிச்சுக் காட்டுங்க.”

அதிகாரி படித்தார். மறுபடி படித்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“எழுதல. ஆனா வழக்கமா அப்படித்தான்...”

“எனக்கும் அதான் வழக்கம். அதனாலதான் இந்தப் பாதை இன்னைக்குச் சாகக் கெடக்கு.”

அதிகாரி காகிதத்தை மடித்தார்.

“நீங்க எங்கேருந்து வாரீங்க?” என்று கேட்டார் தெய்வசிகாமணி.

“நானா? ரோட்டு முனை வரைக்கும் ஜீப்பு. உள்ள வராதுன்னாங்க. அங்கேருந்து நடந்துதான் வந்தேன்.”

“எங்க போறீங்க?”

“இங்கதான்.”

“மயில்குன்றுக்குப் போகலியா?”

“நான் எதுக்கு சார் மயில்குன்றுக்கு...”

பாதியில் நிறுத்திக்கொண்டார். குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். அரை மைல் செம்மண் ஒட்டியிருந்தது. முள் ஒன்றுகூடக் குத்தியிருக்கவில்லை.

தெய்வசிகாமணி சட்டைப்பைப் பொத்தானைக் கழற்றி, முதல் நாள் எடுத்து வைத்த அந்தப் புளியங்கொட்டையை வெளியே எடுத்தார். அதிகாரியின் கண் முன்னாலேயே அதை டப்பாவுக்குள் போட்டார்.

“எண்ணூத்தி எழுபத்தொம்பது.”

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

“இவரு திரும்பிப் போவார்ல?” என்றாள் நாச்சியம்மா. “இன்னொரு கொட்டை எடுத்து வைங்க, அண்ணாச்சி.”